ஒப்பிட்டுப் பேசுக

…இன்னும் ஒரே ஒரு ஆள் மோர் ஊற்றினால் எழுந்தே போய்விடுவேன், மோர் டாலர், மோர் சீப்பர், மோர் ஹாட்டர், ஆங்கிலப் பேச்சுத் தேர்வு தொடங்கிய காலையிலிருந்து இதேதான், சின்ன வார்த்தை என்றால் பின்னால் ஈ-ஆர் சேர்த்தால் முடிந்தது, நீளமான வார்த்தை என்றால் முன்னால் மோர், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டுக்கொண்டா வருகிறீர்கள் என்று கேட்டும் பார்த்தாகிவிட்டது, சிரித்தார்கள், சிரித்து முடித்து மறுபடியும் மோர். எதிரே உட்கார்ந்திருக்கும் மீசைக்கார ஓட்டுநர் தொண்டையைக் கனைக்கிறார், டாலர் என்றாலே இவருக்கு வெளிநாட்டுப் பணம்தான் நினைவுக்கு வரும், உயரம் என்று எத்தனை முறை சொன்னாலும் கண் எங்கேயோ விமானத்தில் ஏறிவிடும்… “மை பிரதர் இஸ் மோர் ஃபேட்டர் தேன் மீ.” மேஜைக்கு மேல் வந்து உட்கார்ந்திருக்கும் தன் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டே சொல்கிறார். உங்களைவிடக் குண்டா என்று கேட்கிறேன், கேட்டிருக்க வேண்டாம், ஆனாலும் கேட்கிறேன். “ஆமா மேடம், இப்பக் கொஞ்சம் எளைச்சுட்டான்.” நான் தப்பு என்று குறித்த பிறகும் நன்றி சொல்லிக் கும்பிடுகிறார், எதற்கு நன்றி, திட்டு வாங்கியதற்கா, இப்படிப்பட்டவர்கள்தான் எனக்கு வாய்க்கிறார்கள். செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இந்த ஒற்றை அறை, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி, மை காய்ந்த மார்க்கர், இதற்கு ஒரு இயக்குநர் வேறு, தன்னை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார், வாசல் பலகையில் பெட்டர் இங்கிலீஷ், பெட்டர் லைஃப் என்று எழுதி வைத்திருக்கிறார், எதைவிட பெட்டர் என்று ஒருநாள் கேட்டேன், எல்லாத்தையும்விடத்தான் மேடம் என்றார், பெஸ்ட் என்று எழுதிவிட்டுப் போவதுதானே, மூளை இருந்தால்தானே.

அடுத்து யார் என்று பட்டியலைப் பார்க்காமலே தெரியும், கதவுக்கு வெளியே சூயிங்கம் வெடிக்கும் சத்தம் கேட்கிறது. சின்னவள். என் கொழுந்தனாரின் மனைவி. வீட்டில் நான் அவளுக்கு அக்கா, இங்கே மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்தேன், அவள் இரண்டையும் குழைத்து மேடக்கா என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள், வகுப்பே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது, முதுகுக்குப் பின்னால். கண் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் அவளுக்கு வேலை கிடைக்கப்போகிறதாம், இங்கே பேச்சுத் தேர்வில் தேறினால் போதுமாம். விளம்பரம் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரிக்கிறவள், துணி மடிக்கச் சொன்னால் உருட்டி வைக்கிறவள், அவளை வரவேற்பில் உட்கார வைத்தால் கண் தெரியாமல் வந்தவனுக்குக் காதும் கேட்காமல் போய்விடும். அது அவர்கள் பாடு. என் பாடு வேறு, மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுத்த நாளிலிருந்து பகலில் கூட இருப்பது சின்னவள், அவள் வேலைக்குப் போனால் யார் இருப்பது? நேற்று சாப்பிடும்போது என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். “அவளுக்குக் கெடச்சா முழுநேர வேல. உனக்கு அந்தக் கிளாஸ்ல என்ன பெருசா இருக்கு, நீ வீட்ல இருந்துக்கலாமே.” பெரிய, சின்ன, அதைவிட, இதைவிட, ஆங்கிலம் படிக்காமலே இந்த வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பாடம் தலைகீழாகத் தெரியும். அவள் தேறினால்தானே இந்தப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன், தேறுகிற மூஞ்சியா அது… தேர்வு எடுக்கப்போவது யார் என்பதையும் நினைத்துக்கொண்டேன், நினைத்தால் என்ன, நினைப்பில் குற்றமில்லை.

உட்காருகிறாள். சூயிங்கத்தைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போடுகிறாள், அதுவரைக்கும் மரியாதை. குடும்பத்தைப் பற்றி ஒப்பிட்டுப் பேசு என்கிறேன், வேண்டுமென்றேதான் குடும்பம், அங்கேதான் எல்லோரும் விழுவார்கள், மூத்தவள் என்றதும் எல்டர் என்பார்கள், எல்டர் சிஸ்டர் என்று முன்னால் வைத்துச் சொன்னால் சரி, எல்டர் தேன் மீ என்றால் தப்பு, அங்கே ஓல்டர்தான் வர வேண்டும், இத்தனை வருடத்தில் இந்தக் குழியைத் தாண்டினவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். “மை சிஸ்டர் இஸ் ஓல்டர் தேன் மீ.” தாண்டிவிட்டாள். தற்செயல். எல்டர் என்ற வார்த்தையே தெரியாமல் இருக்கும், தெரியாதவர்களுக்குத்தான் இப்படி அதிர்ஷ்டம் அடிக்கும். “மை மதர் இன் லா இஸ் ஹெவியர் தேன் எ கப்போர்ட்.” இதென்ன உளறல், மாமியாரையும் அலமாரியையும் யாராவது ஒப்பிடுவார்களா, அலமாரியைத் தூக்கிப் பார்த்திருக்கிறாயா என்று கேட்கிறேன். “வீடு மாத்தும்போது தூக்கிருக்கேன் மேடக்கா. அத்தைய தினமும் தூக்கறேன். அலமாரி பரவால்ல, அது திட்டாது.” பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள், எனக்கும் உதடு லேசாக… இல்லை, இலக்கணத்தை மட்டும் பார், ஹெவி, ஹெவியர், தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தது என்கிறேன், குரல் தேவைக்கு மேல் கறாராக வருகிறது. “மை டீ இஸ் வொர்ஸ் தேன் ஹெர் டீ. மை சிஸ்டர்ஸ் டீ.” பேட் என்பதற்கு பேடர் என்பாள் என்று எழுதவே ஆரம்பித்துவிட்டேன், அடித்துவிட வேண்டியதாகிறது. என் டீயா? யார் சொன்னது? “அத்தைதான். டம்ளரக் கீழ வைக்கும்போதெல்லாம் சொல்வாங்க, பெரியவ டீயக் குடிச்ச வாய்க்கு இதக் குடிக்க முடியலன்னு.” என்னிடம் என்ன சொல்வார் என்று இவளுக்குத் தெரியுமா, சின்னவ டீ போட்டா மணமே தனி, நீ போடறது வெந்நீர், அந்தக் கிழவிக்குப் படுத்த இடத்திலிருந்தே இரண்டு பக்கமும் பந்து போடத் தெரிந்திருக்கிறது, நானும் இத்தனை நாள் அந்தப் பந்தைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு… இவளும் வைத்துக்கொண்டிருந்தாளா? பார்த்தால் அப்படித் தெரியவில்லை, போகிற போக்கில் சொல்லிவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இவளுக்கு எதுவும் உள்ளே போகாது.

கடைசி வாக்கியம். மனப்பாடம் செய்துகொண்டு வந்தது தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, யோசிக்கிறாள், கூரையைப் பார்க்கிறாள், வாளியைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். “மை சிஸ்டர் இஸ் ஹாப்பியர் ஹியர் தேன் அட் ஹோம்.” ஹாப்பி, கடைசி ஒய் ஐ ஆகி ஈ-ஆர், சரி, மோர் இல்லை, சரி, தேன் இருக்கிறது, இரண்டு இடங்களையும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறாள், எங்கே தப்பு, ஒரு தப்புகூடவா இருக்காது, பேனா காகிதத்தில் ஒரு புள்ளியை வைத்து அதிலேயே நிற்கிறது, மை ஊறிப் புள்ளி பெரிதாகிறது. “யாரு சொன்னா உனக்கு?” என்னையறியாமல் வீட்டுக் குரலில் கேட்டுவிட்டேன். அவளும் தணிந்த குரலில் வீட்டில் பேசுவதுபோலவே சொல்கிறாள். “யாரும் சொல்லலக்கா. இங்க நீங்க எல்லாரையும் திட்டும்போது உங்க மொகம் நல்லாருக்கு. வீட்டுக்கு வந்தா திட்டக்கூட மாட்டேங்கறீங்க, ரூமுக்குப் போய் கதவச் சாத்திக்கறீங்க.” கொஞ்சம் நிறுத்தி, “தப்பா சொல்லிட்டேனா?”

தப்பில்லை என்கிறேன். தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், கை தானாகவே போடுகிறது, வேறு என்ன எழுதுவது, இல்லாத தப்பை எங்கிருந்து கொண்டுவருவது… அவள் போய்விட்டாள், படியில் செருப்புச் சத்தம் இறங்குகிறது. இனி வீட்டில் பேச்சு எப்படிப் போகும் என்று தெரியும், மாமியாருக்கு எப்போது மாத்திரை என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், தூக்குவதற்கு எங்கே கை கொடுப்பது என்றும், அல்லது முடியாது என்று தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தே சொல்லிவிட வேண்டும், இந்த வகுப்பு எனக்கு வேண்டும் என்று, ஏன் வேண்டும் என்று கேட்பார்களே, என்ன சொல்வேன், அங்கே திட்டினால் என் முகம் நன்றாக இருக்கிறதாம் என்றா? ஹாப்பியர்… என்ன வார்த்தை இது, ஒரு இடத்தைவிட இன்னொரு இடம் பரவாயில்லை என்கிறது, அதற்காக ஹாப்பி என்று அர்த்தமா, அதை மட்டும் சொல்வதில்லை, இத்தனை வருடம் பலகையில் எழுதி அழித்திருக்கிறேன், ஒருநாளும் உறுத்தியதில்லை. அடுத்தவர் வந்துவிட்டார், கறிக்கடைக்காரர், ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்காருகிறார், என் முதுகு தானாக நிமிர்கிறது, பேனா விரலுக்கு வருகிறது, இந்த மனிதர் எங்கே விழப்போகிறார் என்று உள்ளே எதுவோ சுறுசுறுப்பாகிறது, தெரிந்த சுகம்தான், இன்றைக்குத்தான் பெயரோடு வருகிறது… அவர் வாயைத் திறக்கிறார், எனக்கு அவர் சொல்வது காதில் விழவில்லை, இப்போது என் முகம் எப்படி இருக்கிறது என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருக்கிறது.