ஐந்தாம் எண், சே.கோ.

நாட்டின் கால்பந்து அணி வெளிநாட்டு அணிகளோடு இதுவரை ஆடியது நாற்பத்தொரு ஆட்டம். தோற்றது நாற்பது. சமன் ஒன்று. வாங்கிய கோல்களை எண்ணிச் சொல்லலாம்தான், ஆனால் நமக்கும் வேறு வேலை இருக்கிறது. போட்ட கோல் ஒன்றே ஒன்று. அதைப் போட்டவர் மாப்பிள்ளையின் மாமனார்.

மாப்பிள்ளை யார் என்றால், கால்பந்துக் கழக அலுவலகத்தில் பதிவு கிளார்க். வீட்டோட மாப்பிள்ளை. வேலையும் மாமனார் ஒரு வார்த்தை சொல்லிக் கிடைத்ததுதான். அதனால் அலுவலகத்திலும் பியூன் முதல் தலைவர் வரை அத்தனை பேருக்கும் அவர் மாப்பிள்ளைதான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை வருகைப் பதிவேட்டில் மட்டும் தினம் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

மாமனாரைத் தெருவில் கோல்காரர் என்பார்கள். சலூனில் அவர் தலையைக் கண்டால் பாதி சவரத்தில் இருக்கிறவரைக்கூட எழுப்பிவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். மருந்துக் கடையில் அவருக்கு வரிசை கிடையாது. வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால், வந்தவர் தண்ணீர் குடித்துச் சொம்பைக் கீழே வைப்பதற்குள் கோல் ஆரம்பித்துவிடும். முப்பத்திமூன்று வருடத்துக் கோல். சில நாள் இடது காலால் அடிப்பார். சில நாள் தலையால் முட்டுவார். எப்படி அடித்தாலும் சொல்லி முடிக்க நாற்பது நிமிடம். மாமியார் அதற்குள் சமையலையே முடித்து இறக்கிவிடுவார். கல்யாணப் பேச்சு எடுத்த அன்று மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்தது ஐந்து நிமிடம், கோலைப் பார்த்தது நாற்பது நிமிடம்.

இப்போது சனிக்கிழமை ஒரு தகுதிச் சுற்று ஆட்டம். அதற்கு உலகத் தலைமையகம் ஒரு கையேடு அச்சடிக்கிறது. வீரர் பட்டியல், தகுதிச் சுற்று வரலாறு, சர்வதேசப் போட்டி வரலாறு மூன்றையும் அனுப்ப வேண்டியது மாப்பிள்ளை.

வீரர் பட்டியலிலேயே பாதி உயிர் போய்விட்டது. இருபத்துமூன்று பேர் வேண்டும், கையில் இருந்தது இருபத்தொன்று. கோல்கீப்பர் பஸ் கண்டக்டர், டிப்போவில் லீவு கொடுத்தால் வருவார். முன்வரிசையில் ஒருவருக்குச் சனிக்கிழமை பரீட்சை, இன்னொருவர் அதே பரீட்சைக்கு மேற்பார்வையாளர். பயிற்சியாளர் யோசித்துப் பார்த்துத் தன் மைத்துனர்கள் இருவரையும் சேர்த்துக் கணக்கை நேர் பண்ணினார். அதில் ஒருவருக்கு, இது கிரிக்கெட் இல்லை என்று போன் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

வரலாற்றில் சிக்கல் வராது என்று மாப்பிள்ளை நம்பினார். தோல்வியில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது? கழகப் புத்தகத்தில் சர்வதேசப் போட்டிகள் என்ற தலைப்பின் கீழ் வருடா வருடம் அச்சாகும் ஒரே வரிதான்: "சேர்மன் கோப்பை. ஐந்து முறை பங்கேற்பு. சிறந்த முடிவு: 1–1 சமன்." கழகத்தின் கடிதத் தாளிலேயே அந்தக் கோப்பை பொறித்திருக்கும். அந்த ஒற்றைக் கோலும் அதில் போட்டதுதான்.

செவ்வாய்க்கிழமை தலைமையகத்திலிருந்து மெயில் வந்தது. சேர்மன் கோப்பை என்று ஒரு போட்டி எங்கள் பதிவில் எங்கும் இல்லை. எந்த நாடு நடத்தியது? எத்தனை அணிகள்? கடைசியில் யார் ஜெயித்தது? வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் விளக்கம் வராவிட்டால் உங்கள் வரலாறு இல்லாமலே கையேடு அச்சாகும்.

மாப்பிள்ளை, ஓய்வு பெற்ற பழைய கிளார்க்குக்குப் போன் போட்டார்.

"சார், பதிவேட்டுல சே.கோ.ன்னு இருக்கே, அது என்ன?"

"சேர்மன் கோப்பை. வேற என்னவா இருக்கும்?"

"அதை யார் சார் நடத்தினாங்க?"

"சேர்மன்."

"எந்தச் சேர்மன்?"

"இங்க பாருங்க மாப்பிள்ளை, எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதி வெச்சுட்டுப் போய்ச் சேர்ந்துட்டார். நான் அதைப் பார்த்துப் புத்தகம் போட்டேன். சேர்மன் யாருன்னு தேடறதெல்லாம் என் வேலையா?" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை இரும்பு பீரோவைத் திறந்து மூலப் பதிவேட்டையே வெளியே எடுத்தார். போய்ச் சேர்ந்த அந்த முதல் கிளார்க்குக்கு மையின் மேல் என்ன பாசமோ, எதையும் முழுசாக எழுதியதில்லை. கா. என்றால் காயம். ம.நி. என்றால் மழையால் நிறுத்தம். ப.கா. என்றால் பந்து காணோம். சே.கோ. மொத்தம் ஐந்து இடத்தில் இருந்தது. அதில் இரண்டு ஒரே பக்கத்தில், ஒரே ஆட்டத்தில் இருந்தன. அதாவது ஒரே நாளில், ஒரே மைதானத்தில், ஒரே ஆட்டத்தில் நம் நாடு சேர்மன் கோப்பையில் இரண்டு முறை பங்கேற்றிருந்தது.

மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "நமது 3, சே.கோ." "நமது 4, சே.கோ." இரண்டும் நாம் வாங்கிய கோல்களின் பக்கத்தில் இருந்தன. ஓரத்தில் பென்சிலால் "பாவம்" என்று வேறு எழுதியிருந்தது.

"அட கடவுளே, சேம்சைடு கோல்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"யாரு சார் போட்டா?" என்றார் பியூன்.

"யாரும் போடல. நீங்க போய் டீ வாங்கிட்டு வாங்க."

பியூன் போனதும் கடைசி சே.கோ.வைத் தேடினார். முப்பத்திமூன்று வருடத்துக்கு முந்தைய அந்தச் சமன் ஆட்டம். நாம் போட்ட கோலின் பக்கத்தில் "5, சே.கோ." என்று இருந்தது. மற்ற நான்கிலும் "நமது" இருக்கிறது, இதில் இல்லை. நமது அணியில் ஐந்தாம் எண் சட்டை போட்டவர் மாமனார். ஆனால் இந்த ஐந்து நமது ஐந்து இல்லை, எதிரணியின் ஐந்து. அந்த ஆள் பந்தைத் தன் வீட்டுக்குள்ளேயே தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். பழைய கிளார்க் ஐந்தை மாமனார் கணக்கில் சேர்த்து, சே.கோ.வுக்கு ஒரு கோப்பையையும் கண்டுபிடித்துவிட்டார்.

டீ வந்தது, ஆறியும் போனது.

தலைவரிடம் போய்ச் சொன்னபோது அவர் கடிதத் தாளில் இருந்த கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோப்பை போனா போய்த் தொலையட்டும்," என்றார். "கோல் போகக் கூடாது. இருக்கிறது ஒண்ணு. அதுவும் எதிராளி போட்டதுன்னு வெளிய தெரிஞ்சா, நாம நாற்பத்தொரு ஆட்டம் எதுக்குத்தான் போனோம்? உங்க மாமனார்கிட்ட, நான்தான் அடிச்சேன்னு எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. ஆடினவரே கையெழுத்துப் போட்டா தலைமையகம் ஒத்துக்கும்."

மாப்பிள்ளை தட்டச்சு செய்துகொண்டார்: "மேற்படி கோலை நானே அடித்தேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்." கீழே கையெழுத்துக்கு ஒரு கோடும் போட்டார். கோடு நேராகத்தான் வந்தது.

மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

"அப்பாவுக்கு இருக்கிறது அந்த ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டா மனுஷன் தெருவுல எப்படி நடப்பாரு?"

"நானா பிடுங்கறேன்? பதிவேடு பிடுங்குது."

"பதிவேட்டுக்கா நான் கழுத்தை நீட்டினேன்? கையெழுத்தை மட்டும் வாங்குங்க. வாயைத் திறக்காதீங்க. எதுக்குன்னு கேட்டா கழகத்துல கேட்டாங்கன்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் பொய் சொல்ல வராதே, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்குங்க."

மாப்பிள்ளைக்கு மாமனார்மேல் பயம் மட்டும் என்றால் சமாளித்திருப்பார். அவரைப் பிடிக்கும். அதுதான் தொல்லை. இடது காலும் தலையும் மாறி மாறி வரும்போதுகூட, அந்த ஆள் எழுந்து நின்று உதைத்துக் காட்டுவதைப் பார்க்க மாப்பிள்ளைக்கு எப்போதும் ஆசைதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமனார் முன்னறையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை தாளை நீட்டிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாமனார் படித்தார். ஒரு வரியைப் படிக்க இவ்வளவு நேரமா என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

"எதுக்கு மாப்பிள்ளை இப்போ இது?"

"கழகத்துல கேட்டாங்க மாமா."

"முப்பத்திமூணு வருஷமா கேக்காதவங்க இப்போ கேக்கறாங்களா?"

"ஆமா மாமா."

"மூலப் பதிவேட்டைப் பார்த்துட்டீங்களா?"

மாப்பிள்ளை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, எதிர்வீட்டுச் சுவர்தான்.

"அப்போ பார்த்துட்டீங்க," என்றார் மாமனார்.

அடுப்படி வாசலில் மாமியார் கரண்டியோடு வந்து நின்றார். மனைவியும் மாடியிலிருந்து இறங்கிவந்து படியில் உட்கார்ந்தாள்.

"நான் அடிக்கல," என்றார் மாமனார். "வெளிநாட்டு மைதானம். நல்ல மழை. கார்னர் பந்துக்கு நம்மாளுங்க அத்தனை பேரும் மேல போயிட்டானுங்க. ஆறு பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து கிடந்தானுங்க, பந்து உள்ள போயிடுச்சு. யாரு கால்ல பட்டதுன்னு அவனுங்களுக்கே தெரியாது. அந்த ஊர் அஞ்சாம் நம்பர் மட்டும் சேத்துல குந்திக்கிட்டு அழுதான். அடுத்த வருஷம் நம்ம புத்தகம் வந்துச்சு. கோல், அஞ்சுன்னு போட்டிருந்தது. ஊரே வந்து கையைக் குலுக்குச்சு. இல்லைன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள இவங்க வீட்டுல பொண்ணு கொடுக்கறோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள்.

"அப்போ இடது கால்?" என்றார் மாமியார்.

"இல்ல."

"தலை?"

"இல்ல."

"பாவி மனுஷா, வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் நாப்பது நாப்பது நிமிஷம் சொன்னீங்களே! நான் அதை நம்பி எத்தனை தடவை அடுப்புல தீய விட்டிருப்பேன்!"

மாமனார் பேனாவைக் கேட்டு வாங்கினார். "நானே அடித்தேன்" என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே "நான் அடிக்கவில்லை" என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

"இந்தாங்க. அனுப்பிடுங்க. ரொம்ப வெக்கமா இருக்கு மாப்பிள்ளை. சலூன்காரனை நினைச்சாத்தான்..." என்றவர் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். "அப்போ நம்ம நாட்டுக்கு இதுவரைக்கும் அதிகமா கோல் அடிச்சது அந்த ஊர்க்காரன்னு போடணும்ல?" என்றார்.

"அப்படித்தான் வரும் மாமா."

"போடுங்க. அவனாவது சந்தோஷப்படட்டும். அன்னைக்கு ரொம்ப அழுதான்."

மாமியார் கரண்டியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கோபம் இன்னும் தீரவில்லை, குரலில் தெரிந்தது.

"சரி, கோலும் அடிக்கல. எல்லாரும் மேல போயிட்டாங்கன்னா நீங்க எங்க போனீங்க? அன்னைக்கு என்னதான் பண்ணீங்க?"

முப்பத்திமூன்று வருடமாக வாய் ஓயாமல் பேசிய ஆளுக்கு எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

"நான் நம்ம கோல் பக்கமே நின்னேன். யாராவது ஒருத்தர் நிக்கணும்ல. அவங்க ஒண்ணு போட்டு ஒண்ணுக்கு ஒண்ணு ஆயிடுச்சு. முடியப்போற நேரத்துல இன்னொரு பந்து வந்துச்சு. கீப்பர் முன்னாடி ஓடி வழுக்கி விழுந்துட்டார். பந்து அவரைத் தாண்டி உருண்டு வருது. வேகமே இல்ல. கோட்டுக்கிட்ட வந்துடுச்சு. கால் எட்டாது. அதனால விழுந்தேன். மூஞ்சியில பட்டு வெளிய போச்சு. நான் போய்க் கம்பத்துல மோதிட்டேன். மேல் பல்லு ரெண்டு அங்கேயே போச்சு. அவ்வளவுதான்."

சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து உதைத்துக் காட்டவும் இல்லை.

மாப்பிள்ளை மனசுக்குள் கணக்குப் போட்டார். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் நாற்பத்தொன்றும் தோல்வி. சமன் என்ற கட்டமே பதிவேட்டில் காலியாக இருந்திருக்கும்.

"பல்லு சொத்தை விழுந்து எடுத்ததுன்னு சொன்னீங்களேப்பா," என்றாள் மகள்.

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றார் மாமியார். இப்போது குரலில் கோபம் இல்லை.

"யாரும் கேக்கலையே. எல்லாரும் கோலைத்தானே கேட்டாங்க. அந்தப் பக்கம் கோல் அடிச்சவனும் நான்தான், இந்தப் பக்கம் பந்தைத் தடுத்தவனும் நான்தான்னு சொன்னா எவன் நம்புவான்? ரெண்டுல ஒண்ணைத்தான் வெச்சுக்க முடியும்னு தோணுச்சு. பெருசா இருந்ததை வெச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு மாமனார் அழுதார். சத்தமில்லாமல் இல்லை, நன்றாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழுதார். மாமியார் முந்தானையை நீட்டினார். மாப்பிள்ளைக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, ஆனால் அவர் பதிவு கிளார்க், அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தத் தாளைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"தடுத்தது எத்தனாவது நிமிஷம் மாமா?"

மாமனார் முந்தானையிலிருந்து முகத்தை எடுத்தார்.

"எண்பத்தொம்போது," என்றார்.