ஓய்வுக்கு வந்த தம்பி

ஆயர் இல்லத்திலிருந்து போன் வந்தபோது அவள் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் ஒன்றின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேசியவர் குருகுல முதல்வர். ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, அடுத்தபடியாக மறைமாவட்டத்தையே நடத்துகிறவர். அத்தனை பெரியவர் தன்னைக் கூப்பிடுகிறார் என்றதும் மெஷினை நிறுத்திவிட்டு, அவர் எதிரே வந்துவிட்டது போல எழுந்து நின்றாள்.

"உங்க தம்பிக்கு உடம்பு கொஞ்சம் முடியலம்மா. பிரஷர். கொஞ்ச நாள் ஓய்வெடுத்தா நல்லதுன்னு ஆயர் நினைக்கிறாரு. சொந்த அக்கா வீட்டை விட நல்ல இடம் ஏது?"

"அதுக்கென்ன ஃபாதர், தாராளமா வரட்டும்."

அம்மா கண்ணை மூடியபோது தம்பி கைக்குழந்தை. இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் அவள். அவன் குருப்பட்டம் வாங்கிய அன்று அவள் அழுத அழுகையைப் பார்த்து, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் துக்க வீடோ என்று தயங்கி நின்றாராம். இப்போது அவன் வருகிறான் என்றதும் வீடே தலைகீழானது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் கட்டிலை நகர்த்திக்கொண்டே, "இனிமே மோட்சத்துக்குப் போற லிஃப்ட்டுக்கு நம்மளுக்கு ஃப்ரீ பாஸ்" என்றான். இரண்டே அறை உள்ள வீடு. ஆறாவது படிக்கிற மகன், வாண்டு என்று எல்லோரும் கூப்பிடுகிறவன், தூங்குகிற அறையில்தான் மாமாவுக்கும் இடம்.

வந்தவன் பழைய தம்பியாக இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாகக் கோயிலுக்குப் போகிறவன், ஜன்னல் பக்கம்கூட வரவில்லை. "டாக்டர் கூட்டத்துக்குள்ள போகாதேன்னுட்டாருக்கா." உப்பைக் குறைத்துச் சமைத்தாள். வாண்டுவுக்கு அவன் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து, தேறிவிடுவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் லீவாக இருந்த ஒரு மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், ஒரு பெண் கடைக்குள் வந்தாள். ஃபிரேம்களைப் பார்த்தபடி நின்றாள், ஒன்றையும் எடுக்கவில்லை.

"பவர் பாக்கணுமாங்க?"

"இல்லீங்க. நீங்க அந்த ஃபாதரோட அக்காதானே?"

"ஆமா. அவன் பங்குக் கோயில்லேர்ந்து வரீங்களா? உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. "உங்க வீட்டுல ஒரு பையன் இருக்கான்னு கேள்விப்பட்டேன். அதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சொன்னாள். அவளுடைய மகன் பூசைக்கு உதவி செய்கிற பீடச் சிறுவன். பூசை முடிந்ததும் ஃபாதர் அவனை மட்டும் அறைக்குக் கூப்பிடுவாராம். மாதக்கணக்கில். பையன் சாப்பாட்டை வெறுத்தான், பிறகு பள்ளிக்கூடத்தை, பிறகு குளிப்பதைக்கூட. கடைசியில் ஒருநாள் வாயைத் திறந்தான். அவள் ஆயர் இல்லத்துக்கு ஓடினாள். மூன்று ஃபாதர்களும் ஒரு வக்கீலும் உட்கார்ந்து விசாரித்தார்கள்.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்ல வெச்சாங்கங்க. 'நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுப்பா'ன்னு. அவன் மறக்கத்தானே படாத பாடு படுறான்? அப்புறம், 'அவரை மாத்தியாச்சு, இனிமே பயமில்ல'ன்னாங்க. எங்கேன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க. நானா விசாரிச்சுக் கண்டுபிடிச்சேன்."

பொய் என்று கத்த அக்கா வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"என்னை நம்பணும்னு இல்லீங்க. உங்க பிள்ளைய மட்டும் தனியா விட்றாதீங்க." அவ்வளவுதான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். மாமாவும் மருமகனும் சாப்பாட்டு மேசையில் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பையனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கேட்டாள்.

தம்பி வாண்டுவின் கணக்கு நோட்டை மூடி வைத்தான். "நான் தினமும் ஜெபம் பண்றேன்கா."

"ஜெபத்தப் பத்திக் கேக்கல. நடந்ததா, இல்லையா?"

"ஆயருக்கு எல்லாம் தெரியும். அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். உலகமே எதிர்த்து நின்றாலும் நம்பியிருப்பாள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

அன்றிரவு வாண்டுவைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாள். மறுநாள் ஆயர் இல்லம். பளபளவென்று துடைத்த தரை, ஃபேன் காற்றில் அசைகிற திரைச்சீலை. குருகுல முதல்வர் அவளை அன்பாகத்தான் வரவேற்றார்.

"விசாரணை நடந்துட்டிருக்கும்மா. முடியற வரைக்கும் வெளியில சொல்லக் கூடாது. அந்தப் பையனோட மானமும் இருக்கில்ல?"

"என் வீட்டுலயும் ஒரு பையன் இருக்கான். அது உங்களுக்குத் தெரியுமா ஃபாதர்?"

"தெரியும். ஆனா தாய்மாமன் ஆச்சே. அங்க பாதுகாப்பா இருக்கும்னு நினைச்சோம்."

"யாருக்குப் பாதுகாப்பு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் குடும்பம் போலீசுக்குப் போகல. நாங்களும் அவசரப்பட்டு எதுவும் செய்ய முடியாது. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. ஆயரோட கையும் கட்டித்தான் இருக்கும்மா." எழுந்து நின்றார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். பாதிக்கப்பட்டவர்கள் வந்து சொல்லட்டும் என்றார்கள். கடைக்கு வந்த அந்தப் பையனின் அம்மாவைத் தேடிப் போனாள். "நான் சாட்சிக்கு வரேங்க" என்றாள். அந்தப் பெண் வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். "இன்னொரு தடவை சொல்லச் சொன்னா செத்துருவேங்கிறான் எம் பிள்ளை. எங்கள விட்டுடுங்க." உள்ளே ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் வாண்டுவைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். எப்படிக் கேட்பது? பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான் அவன்.

"மாமா உன்கிட்ட... நீ வேண்டாம்னு நினைக்கிற மாதிரி ஏதாவது..."

"ஒண்ணுமில்லம்மா."

"அம்மாகிட்ட எது வேணாலும் சொல்லலாம்டா. திட்டவே மாட்டேன்."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல!" என்று கத்தினான். பிறகு அழுதான். துருவித் துருவிக் கேட்டதால் அழுதானா, வேறு எதனாலாவது அழுதானா? அவளுக்குத் தெரியவில்லை. இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

விஷயம் புருஷன் காதுக்குப் போனதும் வீடு அதிர்ந்தது. அவன் தம்பியை அடிக்கவில்லை. பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டு, "வந்து கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா தெருவுல நின்னு எல்லாத்தையும் கத்துவேன்" என்றான். இத்தனை நாள் நகராத தேர் அந்த ஒரு மிரட்டலில் நகர்ந்தது. ஒரு மணி நேரத்தில் கார் வந்து நின்றது.

தம்பி ஏறி உட்கார்ந்தான். அவள் டிரைவரிடம் குனிந்தாள். "இவனை எங்க கூட்டிட்டுப் போறீங்க அண்ணே?"

"மலைப் பக்கம் தியான இல்லம் இருக்கும்மா. அமைதியான இடம். பின்னாடி பசங்க விடுதி ஒண்ணு, அவ்வளவுதான்."

அவள் கை கார்க் கதவைப் பிடித்துக்கொண்டது. இவன் இறங்கட்டும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் எங்கே இறங்குவான்? இந்த வீட்டுக்குள்தான். இருதலைக் கொள்ளி எறும்பாக நின்றாள். புருஷன் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். "நம்ம பிள்ளைய முதல்ல பாரு" என்றான். கார் போய்விட்டது. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை.

விடுதியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். எடுத்தவர் விடுதிக் காப்பாளர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க யாரு பேசறீங்க?" என்றார்.

"நான் அவனோட அக்கா."

அவர் தணிந்த குரலில், "குடும்பத்துல ஏதாவது சொத்துத் தகராறாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு தகராறும் இல்லீங்க. பசங்கள அவன்கூடத் தனியா விடாதீங்க. அது போதும்."

"ஒரு சாமியாரப் பத்தி இப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா. உங்களுக்காக ஜெபிக்கிறேன்." அதன் பிறகு அவள் நம்பரைப் பார்த்தால் அங்கே யாரும் எடுப்பதில்லை. ஆயர் இல்லத்தில் கேட்டால் விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஆயர் எப்போதும் வெளியூரில் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அங்கேயே போனாள். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை; பெயரைக் கேட்டவர் உள்ளே போய்விட்டு வந்து, "அனுமதி இல்லம்மா" என்றார். கம்பி வேலி ஓரமாக நின்று பார்த்தாள். பையன்கள் பந்தை உதைத்துக்கொண்டு ஓடினார்கள். எல்லோரும் வாண்டுவின் வயது, கொஞ்சம் கூடுதல், கொஞ்சம் குறைவு. வெள்ளை அங்கியில் தம்பி தாழ்வாரத்துக்கு வந்தான். உடம்பு தேறியிருந்தது. உருண்டு வந்த பந்தை எடுத்து ஒரு சிறுவனிடம் கொடுத்து, அவன் தலையைத் தடவினான்.

"டேய் தம்பி!" என்று கூப்பிட்டாள்.

பையன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். பார்த்துவிட்டு உள்ளே போனான். கடைசி பஸ் வரும்வரை அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டம் முடிந்து பையன்களும் ஒருவர் பின் ஒருவராக அதே கதவு வழியாக உள்ளே போனார்கள்.