பூந்தமல்லியில் மாற்றிய கயிறு

என்னை யாராவது நல்ல மனுஷன் என்று சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஆம்பூரில் நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பேர் எனக்கு எப்படி வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் அதிலும் என்னைத் தூக்கி வைத்துத்தான் பேசுவார்கள்.

முப்பத்துநாலாம் வருஷம் எங்கள் பக்கத்தில் லாரி என்பது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அதில் ஒன்றை ஓட்டியவன் நான், சுந்தரமூர்த்தி. லாரி வாஹித் பாஷா சாயபுவுடையது. அவருடைய ஷாப்பில் (தோல் பதனிடும் இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பதனிட்ட தோலை வாரம் ஒரு தடவை மதராஸ் பெரியமேட்டுத் தோல் மண்டியில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. நூறு மைலுக்கு மேல். ரயிலில் போட்டால் ஏற்றி, இறக்கி, மறுபடி மாட்டுவண்டியில் ஏற்றி, இரண்டு மூன்று நாள் இழுக்கும். நான் விடிந்து கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் மண்டி வாசலில் ஆரன் அடிப்பேன். ஒரு தடவை அடித்தால் போதும். நான் மூன்று தடவை அடிப்பேன். அவ்வளவு கர்வம் எனக்கு.

ஷாப்பில் தோலைக் காயவைத்து, மடித்து, கட்டுப் போடுகிற பக்கத்துக்குத் தனகோடி அண்ணன்தான் மேஸ்திரி. ஆவாரம்பட்டைச் சாறு ஏறிய தோலுக்கு இரும்பு ஆகவே ஆகாது. ஈரத்தோடு இரும்பு பட்டால் அந்த இடம் மை கொட்டினதுபோல் கறுத்துவிடும். அப்புறம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதனால் அவர் பக்கத்தில் எல்லாமே மூங்கில், மர ஆணி, தென்னங்கயிறு. உள்ளே வருகிறவர்கள் சாவியைக்கூட வாசல் மாடத்தில் வைத்துவிட்டுத்தான் வரவேண்டும். ஒரு நாள் சாயபுவையே நிறுத்தி இடுப்புச் சாவிக்கொத்தைக் கழற்ற வைத்தார். சாயபு சிரித்துக்கொண்டே கழற்றினார். இருபது வருஷமாக அவர் போட்ட கட்டில் ஒரு கறுப்புப் புள்ளி வந்ததில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் அவரும் நானுமாகத்தான் லாரியில் பாரம் அடுக்கினோம். மேலே பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டி, அதன்மேல் படுதா போர்த்தினோம். பள்ளிகொண்டா தாண்டியதும் கயிறு அறுந்து கட்டுகள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன. இறங்கி, அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் கிளம்பிய வாணியம்பாடி லாரி என்னைத் தாண்டிப் போயிற்று. அதை ஓட்டியவன் தலையை வெளியே நீட்டிச் சிரித்தான்.

"இன்னா டிரைவரே, ரயிலுக்கு வழி உட்டுட்டு நிக்கிறியா?"

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டு, நின்றுபோன வண்டிகளை இழுப்பதற்காக சீட்டுக்கடியில் தொங்கவிட்டிருந்த இரும்புச் சங்கிலியை எடுத்தேன். பாய்க்கு மேலே நாலு சுற்று, ஒரு கொக்கி, ஐந்தே நிமிஷம். தெரியாமல் செய்யவில்லை. இரும்பு ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஈரம் பட்டால்தானே என்று சொல்லிக்கொண்டேன். வாலாஜாவில் அவனை முந்தினேன். முந்தும்போது மூன்று ஆரன்.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் மழை பிடித்துக்கொண்டது. படுதாவில் ஓட்டை இருப்பதும் எனக்குத் தெரியும். நிறுத்திச் சங்கிலியை அவிழ்த்திருக்கலாம். நிறுத்தினால் அவன் மறுபடி முந்திவிடுவான். நிறுத்தவில்லை.

பூந்தமல்லியில் மழை விட்ட பிறகுதான் இறங்கிப் பார்த்தேன். பாய் ஊறிக் கிடந்தது. பாயைத் தூக்கிப் பார்க்கிற தைரியம் வரவில்லை. கடைத்தெருவில் புதுத் தென்னங்கயிறு வாங்கி, அழகாக இழுத்துக் கட்டினேன். சங்கிலியைச் சாலையோரக் குளத்தில் எறிந்தேன். குளத்தில் எருமை கழுவிக்கொண்டிருந்த ஒருவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

மண்டியில் தரகர் நிசார் அஹமது கயிற்றைத் தடவிப் பார்த்தார். "புதுக் கயிறா? பலே. உன்னை மாதிரி எல்லா டிரைவரும் இருந்தா எனக்கு ஏன் பேஜாரு?" என்றார். நான் பல்லைக் காட்டினேன்.

மறுநாள் கட்டுப் பிரித்தபோது மேல் வரிசைத் தோலெல்லாம் திட்டுத்திட்டாகக் கறுப்பு. ஈரம் பாயில் ஊறிப் பரவி இறங்கியதால் சங்கிலியின் உருவம் தெரியவில்லை. "இரும்பு பட்டிருக்குது. ஷாப்புலயே கெட்டுப்போய் வந்திருக்குது" என்று சொல்லி நிசார் அஹமது மேல் வரிசை முழுவதையும் திருப்பி அனுப்பினார். திருப்பிக் கொண்டுவந்தவனும் நான்தான்.

சாயபு எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"சுந்தரம், நீ கயிறுலதானே கட்டினே?"

"கயிறுதான் சாயபு. நிசார் பாயே கையால தொட்டுப் பாத்தாரு."

ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அப்படி ஒரு பொய்யை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் சொன்னதில்லை.

சாயபு தனகோடி அண்ணன் பக்கம் திரும்பினார். "உன் பக்கத்துல எப்படி இரும்பு வந்திச்சி?" என்றார். அண்ணன், "வரல சாயபு" என்றார். மாடத்தில் மற்றவர்கள் வைத்திருந்த சாவிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை. ஆம்பூரில் வேறு எந்த ஷாப்பிலும் அவரைச் சேர்க்கவில்லை. இரும்பை உள்ளே விட்ட மேஸ்திரி என்று பேர் வந்தவனை எவன் சேர்ப்பான்?

நான் வாரம் தவறாமல் மதராஸ் போய்வந்தேன். அவர் இருந்த தெரு வழியாகப் போவதை மட்டும் விட்டுவிட்டேன்.

தை பிறந்ததும் ஒரு காலையில் அவரே லாரிப் பக்கம் வந்தார். பெரியமேட்டில் நிசார் அஹமதுவிடம் தோலைத் தரம் பிரிக்கிற வேலை கேட்கவேண்டும், ஏற்றிக்கொண்டு போவாயா என்றார். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்? பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். பள்ளிகொண்டா வந்ததும் அவர் காலால் சீட்டுக்கடியைத் தடவினார்.

"இங்க ஒரு சங்கிலி தொங்குமே, டிரைவரே?"

"தொலைஞ்சிபோச்சிண்ணே."

"திரும்பி வந்த தோலை அன்னிக்கு சாயங்காலமே தனியா போயி, நாம லாரியில அடுக்கின மாதிரியே தரையில அடுக்கிப் பாத்தேன். கறுப்பு எல்லாம் கோடு கோடா வந்திச்சி. நாலு கோடு. கட்டின கட்டு மாதிரி."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமாகத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

"சாயபுகிட்ட ஏண்ணே சொல்லல?"

"வேலை போனவன் பேச்சு எடுபடுமா? அடுத்தவன் மேல பழி போடுறான்னு சொல்வாங்க. நீ சொன்னாதான் ஆவும்."

அதற்குப் பிறகு தொண்ணூறு மைல். அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் வாய் திறக்கும்போதெல்லாம் அதுதான் வரப்போகிறது என்று நினைப்பேன். "வள்ளியம்மாளுக்கு இருமல் கம்மியாவல" என்று பெண்சாதியைப் பற்றிச் சொல்வார். "இந்தத் தடவை நெல்லு பரவாயில்ல" என்பார். பூந்தமல்லிக் குளத்தைத் தாண்டும்போது நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மண்டியில் நிசார் அஹமது அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீதானே அந்தக் கறுப்புத் தோல் மேஸ்திரி?" என்றார். பிறகு என்னிடம், "என்னா டிரைவர், இந்த ஆளை நம்பிச் சேர்க்கலாமா?"

தனகோடி அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியதும் சொல்லிவிட்டேன்.

"பாய், அது அவர் தப்பு இல்ல. நான்தான் இரும்புச் சங்கிலியில கட்டினேன். மழையில நனைஞ்சிபோச்சி. பூந்தமல்லியில கயிறு மாத்திட்டேன்."

நிசார் அஹமது என்னையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"டேய், அந்தக் கயிற நான் என் கையால தொட்டுப் பாத்தேண்டா! என்கிட்டயேவா?"

"சத்தியமா பாய். சங்கிலியக் குளத்துல போட்டுட்டேன்."

"குளத்துலயா! பொய்யாவது ஒழுங்கா சொல்லு." என் தோளில் தட்டினார். கூலிக்காரர்களைக் கூப்பிட்டார். "பாருங்கடா, தோஸ்துக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிறான். இப்படி ஒருத்தன் கிடைப்பானா?" பிறகு தனகோடி அண்ணனிடம் குரலைத் தணித்துக்கொண்டார். "உனக்கு நல்ல தோஸ்து இருக்கான்பா. ஆனா என் மண்டியில உனக்கு வேலை இல்ல. தப்ப ஒத்துக்காம, அடுத்தவனைப் பொய் சொல்லவெச்சிக் கூட்டிக்கினு வர்றே பாரு, அது எனக்குப் புடிக்கல."

மறுபடி மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு மதிப்பு ஏறியது. அவருக்கு இறங்கியது. கடைசியில் அவர்தான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"போதும் டிரைவரே. நீ பேசப் பேச எனக்குத்தான் ஜாஸ்தி கெடுதல்."

"அண்ணே..."

"அன்னிக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க."

திரும்பும்போது லாரியில் ஆவாரம்பட்டை மூட்டை. முன்னால் வந்து உட்காரச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. பாரத்தின் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டார்.

ஆம்பூர் வந்ததும் சாயபுவிடம் ஓடினேன். எனக்கு முன்னால் நிசார் அஹமதுவின் தந்தி வந்திருந்தது. சாயபு என்னைப் பேசவே விடவில்லை. "எல்லாம் தெரியும். நீ நல்ல மனுஷன், சுந்தரம்" என்று கட்டிக்கொண்டார். இரண்டாவது லாரி வாங்கியபோது அதற்கும் என்னையே பொறுப்பாக வைத்தார்.

தனகோடி அண்ணன் இப்போது மாதனூர்ப் பக்கம் ரோட்டு வேலை செய்கிறார். வாரம் ஒரு தடவை என் லாரி அந்த வழியாகப் போகிறது. தூரத்தில் பார்த்ததுமே ரோட்டாட்கள் ஒதுங்கி நின்று எனக்குக் கும்பிடு போடுவார்கள். "தனகோடிக்காகப் பழிய ஏத்துக்கினவரு" என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னது ஒரு நாள் என் காதிலேயே விழுந்தது. அவர் மட்டும் நிமிர்வதில்லை. சாவியைக்கூட உள்ளே விடாத அந்தக் கையில் இரும்புக் கடப்பாரை. அந்த இடத்தில் நான் ஆரன் அடிப்பதில்லை. அவர் தானாக ஒதுங்கும்வரை நிறுத்திக் காத்திருக்கிறேன்.