மாடித் தறிக்கூடத்துப் பூட்டு

பொழுது விடியுமுன்பே கெசையாவின் கைகள் தறியில் ஓடத் தொடங்கிவிட்டன. பஞ்சுத் தூசி மூக்கையும் தொண்டையையும் அடைத்தது. தறிகளின் இரைச்சலில் காலடித் தரை அதிர்ந்தது. மேஸ்திரி வழக்கம்போல மாடித் தறிக்கூடத்தின் கதவை வெளிப்பக்கமாகப் பூட்டினான். போன வாரம் தீப்பிடித்தபோதும் அது பூட்டித்தான் கிடந்தது. ஜன்னல் வழியாகக் குதித்த நான்சி இன்னும் எழுந்து நடக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மில் முதலாளி தேக்ரே கெசையாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"மான்செஸ்டர்லேருந்து எல்லர்பின்னு ஒரு பொம்பள வர்றாளாம். நாளைக்கு மேடையேறி நம்ம மில்லப் பத்திப் பேசப் போறாளாம். நீ எந்திரிச்சு, 'கதவப் பூட்டறதே இல்ல'ன்னு சொல்லிரு."

"நான் எப்படிங்கய்யா..."

"நீ குடியிருக்கறது யாரு வீடு? இருமிக்கிட்டுக் கெடக்கற புருஷனத் தூக்கிக்கிட்டு எங்க போவ?"

வேலையும் அவருடையது, வீடும் அவருடையது. கெசையா தறிக்குத் திரும்பினாள்.

மறுநாள் சனிக்கிழமை மாலை, ஊர்ப் பொதுக்கூடம் ஆட்களால் பிதுங்கியது. முன்வரிசையில் தேக்ரே. மேடையில் ஒல்லியான எல்லர்பி வாய் திறந்ததுமே தேக்ரேயின் ஆட்கள் மரச்செருப்புகளால் தரையை உதைத்தார்கள்.

"பொம்பளைக்கு என்னடி மேடை? போய்ச் சட்டியக் கழுவு!"

ஒரு சொல்லும் கேட்கவில்லை. எல்லர்பி பேச்சை நிறுத்தவும் இல்லை. பெஞ்சுகளில் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள், சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள். தறிச் சத்தத்திலேயே காலம் தள்ளியவர்களுக்கு உதட்டசைவு போதும். 'மில்லுச் சட்டத்த நீங்களே படிங்க. அதுக்குத்தான் நமக்கு ராத்திரிப் பள்ளிக்கூடம் வேணுங்கறேன்.' அத்தனையும் அவர்களுக்கு விளங்கியது.

தேக்ரே கையை உயர்த்தினார். சத்தம் நின்றது. "என் மில்லுக்காரியே சொல்லட்டும்."

கெசையா எழுந்தாள். புருஷனின் இருமல் காதுக்குள் கேட்டது.

"பூட்டறாங்க," என்றாள். "நான்சி குதிச்சப்போ நான் கதவத் தட்டிக்கிட்டு நின்னேன். வெளியே ஆள் இருந்துச்சு. தொறக்கல."

"திங்கக்கிழம வீட்டக் காலி பண்ணிரு!" தேக்ரே கத்தினார். செருப்புகள் மறுபடி முழங்கின.

எங்கே போவது? எதிர்ப்பெஞ்சில், பக்கத்துத் தறியில் வேலை செய்யும் ஆலிஸின் உதடுகள் அசைவது தெரிந்தது.

'உன் புருஷனக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துருடி. பூட்டக் கழட்டற வரைக்கும் ஒருத்தியும் மில்லுக்குள்ள போறதில்ல.'

பக்கத்திலிருந்தவள் அதைத் திருப்பிச் சொன்னாள், அவளுக்கு அடுத்தவளும் சொன்னாள். சத்தமில்லாமல் வரிசை வரிசையாக அது கடைசிச் சுவர்வரை போனது. முன்வரிசையில் தேக்ரே ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தார்.

கெசையா உட்காரவில்லை. அவளும் உதடசைத்தாள்: 'ஒருத்தியும் போறதில்ல.'