இடையில் இரண்டு வருஷம்

இப்போதெல்லாம் செல்போனில் நாலு தட்டுத் தட்டினால் ரெஸ்யூம் தயாராகிவிடுகிறது என்கிறாள் என் மகள். ஆகட்டும். எங்கள் காலத்தில் ரெஸ்யூம் எழுதுவது வீட்டில் கல்யாணம் எடுத்துச் செய்கிற மாதிரி. ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு கோபம். அதிலும் என் அம்மா இருந்த வீட்டில் கேட்கவே வேண்டாம். அந்த அமளியை நினைத்தால் மனசு இப்போதும் ஏங்குகிறது.

கல்லூரி முடிந்த கையோடு குண்டூசியின் ரெஸ்யூமை வாங்கிவந்தேன். ஆள் அவ்வளவு ஒல்லி, அதனால் அந்தப் பெயர். வகுப்பில் முதலில் எழுதியவள் அவள்தான். அதைப் பார்த்துத்தான் மொத்த வகுப்பும் எழுதியது. ஆகவே நாங்கள் எல்லோருமே கடின உழைப்பாளிகள். எல்லோருக்குமே பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது. குண்டூசியோ பாடப்புத்தகத்தையே பரீட்சைக்கு முதல் நாள்தான் திறப்பாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். எதிரே அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா இல்லாத வீடு, அவளும் நானும்தான். படிப்பு என்ற இடம் வந்ததும் என் பேனா நின்றது. பள்ளி முடித்ததற்கும் கல்லூரியில் சேர்ந்ததற்கும் நடுவில் இரண்டு வருஷம் ஓட்டையாகத் தெரிந்தது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் அது. சமைத்ததும் குளிப்பாட்டியதும் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததும் நான்தான்.

எதிரே இருந்தபடி, தலைகீழாகவே அம்மா அதைப் படித்துவிட்டாள். அவளுக்குக் கழுகுக் கண்.

"அந்த இடத்துல கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்சேன்னு போடுடி."

"எங்கம்மா படிச்சேன்?"

"சித்தி இன்ஸ்டிடியூட் நடத்துறால்ல. ஒரு சர்டிபிகேட் கேட்டா தரமாட்டாளா?"

"அதுல நாலு கேள்வி கேட்டா திருதிருன்னு முழிக்கிறதா?"

"அப்ப உனக்குத்தான் உடம்பு சரியில்லைன்னு போடு."

"நல்லாருக்கே. உள்ளயே விடமாட்டாங்க."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "எல்லாம் என்னால வந்தது. நாளைக்கு எவனாவது இதைக் கேட்டு, நீ வேண்டாம்னு சொல்லிட்டா நான் எந்த முகத்தை வச்சிக்கிட்டு இருப்பேன்?"

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான். "உயிரோட இருக்கேல்ல? அந்த முகத்தை வச்சிக்கிட்டு இரு" என்று கத்திவிட்டேன். அன்றைக்குச் சமைத்த பீன்ஸில் உப்பு இல்லை. அதைக்கூடச் சொல்லாமல் இரண்டு பேரும் தின்றோம். பொய் எதுவும் எழுதாமல் அப்படியே டைப் செய்யக் கொடுத்தேன்.

முதல் இன்டர்வியூவுக்கு அம்மாவும் கிளம்பிவிட்டாள். "நீ எதுக்கும்மா?" என்றால், "நான் பாட்டுக்கு வெளிய ஒரு நாற்காலியில உக்காந்திருக்கப் போறேன், உனக்கென்ன?" என்றாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த மேனேஜரின் விரல் என் தாளில் இறங்கிவந்து ஓரிடத்தில் நின்றது. எந்த இடம் என்று பார்க்காமலே தெரிந்தது.

"இந்த ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?"

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல சார். பாத்துக்கிட்டேன்."

"திரும்ப அப்படி ஆச்சுன்னா?"

"திரும்பவும் பாத்துக்குவேன் சார்."

அவர் தாளை மூடிவைத்தார். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் இல்லை.

நான் வெளியே வந்ததும் அம்மா எழுந்து நின்றாள். எப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. "அந்த ரெண்டு வருஷத்தைக் கேட்டாங்களாடி?" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அதையா? யாரும் கண்டுக்கவே இல்ல. அவங்க ஏற்கெனவே ஆள் எடுத்துட்டாங்கம்மா. சும்மா கண்துடைப்புக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"நிஜமாவா?"

"நிஜமா."

அம்மா பெருமூச்சு விட்டாள். "பாத்தியா, நான்தான் கிறுக்கி மாதிரி பயந்துட்டேன்" என்று சிரித்தாள். எத்தனை நாள் தூங்காமல் கிடந்தாளோ, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். எங்கள் நிறுத்தம் வந்தது. எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.

கடைசி நிறுத்தம்வரை போய், வேகாத வெயிலில் திரும்பி நடந்தோம். இறங்குகிற இடம்கூடப் பார்க்கத் தெரியாதவளுக்கு எவன் வேலை கொடுப்பான், தப்பெல்லாம் உன்மேல்தான் என்று வழிநெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.