ராணியம்மாவின் நாற்பத்து நான்காவது புத்தகம்

எங்கள் வீட்டுச் சின்ன அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் நாற்பத்து மூன்று புத்தகங்கள். நாற்பத்து மூன்றும் எழுதியவர்களே கையெழுத்துப் போட்டு ஒரே பெண்ணுக்குக் கொடுத்தவை. அந்தப் பெண் நான் இல்லை.

அவர் பெரிய நடிகை. மூன்று படங்களில் அரசியாக வந்ததால் எல்லோரும் அவரை ராணியம்மா என்றே கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் பேனா பிடித்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும், புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் வேலையாக அவருக்கு ஒன்று அனுப்பிவைப்பார்கள் போலிருக்கிறது. ஏழு வருடம் முன்னால் அவர் காலமானார். பிள்ளை குட்டி கிடையாது. வீட்டைக் காலி செய்தவர்கள் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவை சிதறிப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதில் ஒன்று எங்கள் வீட்டுக்காரர் காய்கறி வாங்கப் போன வழியில் கிடந்தது. அன்றைக்குக் காய்கறி வரவில்லை.

இவர் குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தவர். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் தபால் பிரிவில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவள். எனவே ராணியம்மாவின் புத்தகங்களைத் தேடும் கடிதங்கள் என் தலையில் விழுந்தன. கடைக்காரர்களுக்கு ஒரு மாதிரி, எழுத்தாளர்களின் வாரிசுகளுக்கு ஒரு மாதிரி. 'தங்கள் தகப்பனார் அன்னாருக்கு வழங்கிய நூல் குறித்து ஏதேனும் விவரம் அறிந்திருப்பின்' என்று ஆரம்பித்து, வரிசை எண், தேதி, நகல் எல்லாம் ஒழுங்காக வைத்து, ஆறு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

புத்தகம் வந்து சேர்ந்தால் அதைப் பதிவேட்டில் ஏற்றுவதும் நான்தான். முதல் பக்கத்தில் ஆசிரியர் எழுதியிருப்பதை ஓர் எழுத்து விடாமல் பார்த்து எழுத வேண்டும். 'என் நாவலின் நாயகிக்கு உங்கள் முகத்தைத்தான் கொடுத்திருக்கிறேன்.' 'நீங்கள் படித்தால் இந்தப் புத்தகம் பிறந்த பயனை அடையும்.' ஒரு கால்நடை மருத்துவர் மட்டும் கறவை மாடுகளுக்கு வரும் நோய்களைப் பற்றிய புத்தகத்தில் 'பேரழகின் பாதங்களில்' என்று போட்டிருந்தார். கல்யாணமான இந்த முப்பத்தைந்து வருடத்தில் எனக்கு யாரும் ஒரு துண்டுச் சீட்டில்கூட இரண்டு வார்த்தை எழுதியதில்லை. இவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போன இரண்டு வருடமும் கடிதம் என் மாமனார் பெயருக்குத்தான் வரும். கடைசி வரியில் 'அவளையும் விசாரித்ததாகச் சொல்லவும்' என்று இருக்கும். சில சமயம் அந்த வரிகூட இருக்காது.

நாத்தனார் தொலைபேசியில் கூப்பிட்டால் முதல் கேள்வியே அதுதான்.

"என்னடி, உன் சக்களத்தி எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன அண்ணி, கண்ணாடிக்குள்ள ராணியாட்டம் இருக்கா. தினம் மெத்துத் துணியால தொடச்சுவிடறாரு உங்க தம்பி. என் மூக்குக் கண்ணாடி உடைஞ்சு பத்து நாளாச்சு, அதைக் கேக்க ஆளில்ல."

"செத்தவளோட போய்ப் போட்டி போடறியே, நீ ஜெயிக்கவா போற?"

உண்மைதான். உயிரோடு இருப்பவளுக்கு நரைக்கும், மூட்டு வலிக்கும், வாய் நீளும். அவருக்கு அந்தத் தொந்தரவு எதுவும் கிடையாது.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. பார்சல் வந்ததும் இவர் பிரிக்கிற வேகத்தைப் பார்த்தால் பசித்தவன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பது போல இருக்கும். அட்டையில் ஆசிரியர் பெயரைப் பார்ப்பார். உடனே முகம் ஒரு நொடி வாடும். பிறகுதான் சந்தோஷப்பட ஆரம்பிப்பார். அடுத்து, ராணியம்மா அதைப் படித்தாரா என்று ஆராய்ச்சி. பல புத்தகங்கள் கை படாமலே இருந்தன. மாட்டு வைத்தியப் புத்தகம் மட்டும் அட்டை நைந்து, ஓரமெல்லாம் பென்சில் குறிப்போடு வந்தது. அவர் தோட்டத்தில் நாலு மாடு வளர்த்தாராம்.

"இதை மட்டும் எப்படிப் படிச்சிருக்கா பாரு," என்றார் இவர், வாயில் வேப்பெண்ணெய் விட்டதுபோல. மாட்டு டாக்டரைப் பார்த்து வயிறெரிந்த மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

போன மாதம் இருநூற்றுப் பன்னிரண்டாம் கடிதத்துக்குப் பதில் வந்தது. வழக்கம்போல நான் உறையைக் கிழித்தேன். இவர் குளியலறையில் ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். கடைக்காரர் எழுதியிருந்தார்: 'அம்மா, ராணியம்மாவிடம் கார் ஓட்டியவரின் மகள் ஒரு பெட்டி கொடுத்தார். அதில் நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கிறது. ஆசிரியர் பெயரும் தங்கள் கணவர் பெயரும் இனிஷியல் முதற்கொண்டு ஒன்றாக இருக்கிறதே, உறவா?'

"யாரு? என்ன போட்டிருக்கான்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ஒண்ணும் கிடைக்கலையாம்," என்றேன்.

இவரிடம் நான் பொய் சொல்வது புதிதல்ல. கடிதத்தைப் பற்றிச் சொன்னது அதுவே முதல் தடவை.

இவர் கடைத்தெருவுக்குப் போனதும் நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, உங்க தம்பி கவிதை எழுதுவாரா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "அடிப்பாவி, அது உனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னால புத்தகமே போட்டான். சைக்கிளை வித்து அச்சடிச்சான். பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா கிறுக்கன்னு சொல்லிடுவாங்கன்னு அப்பா அத்தனை புத்தகக் கட்டையும் வெந்நீர் அடுப்பில போட்டுட்டாரு. மூணு நாள் வீடே அதில குளிச்சோம்."

"ஒண்ணுகூட மிஞ்சலையா?"

"ஒண்ணு மிஞ்சிச்சு. அதை அதுக்கு முன்னாலயே உன் சக்களத்திக்கு அனுப்பிட்டான். தபால்காரன் வரும்போதெல்லாம் வாசல்ல போய் நிப்பான். பாவம், பதிலே வரல."

போனை வைத்துவிட்டு அலமாரி முன்னால் போய் நின்றேன். அந்த ஒரு நொடி வாட்டத்துக்கு அர்த்தம் புரிந்தது. இவர் ஆறு வருடமாகத் தேடியது தன் புத்தகத்தை. அதைக்கூட என்னிடம் சொல்லாமல், என் கையாலேயே எழுதவைத்துத் தேடியிருக்கிறார்.

இருநூற்றுப் பதின்மூன்றாம் கடிதத்தை நானாகவே எழுதினேன். நகல் வைக்கவில்லை. எட்டாம் நாள் மத்தியானம், இவர் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் பார்சல் வந்தது.

சாணிப்பழுப்பு அட்டை. விரல் கனம்கூட இல்லை. முதல் பக்கத்தில் இவருடைய கோழி கிளறல், அன்றைக்குக் கொஞ்சம் அடக்கமாக: 'முதல் பிரதி உங்களுக்கு. படித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். காத்திருப்பேன்.' கீழே தேதி. எங்கள் திருமணம் நிச்சயமாகி அன்றைக்குப் பதினோரு நாள். எண்ணிப் பார்த்தேன், மறுபடியும் எண்ணினேன், பதினொன்றுதான். இரண்டு தெரு தள்ளி நான் இருந்தேன். தபால்தலைகூட வேண்டாம், நடந்து வந்து கொடுத்திருக்கலாம். எனக்கும் படிக்கத் தெரியும்.

'காத்திருப்பேன்' என்ற சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை இவர் எங்கேயும் காத்திருந்து கூட்டிப்போனதில்லை. முன்னால் நடப்பார், நான்தான் ஓட வேண்டும்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், திரும்பவில்லை. சின்ன அச்சகங்களில் செலவு குறைய, காகிதத்தை மடித்துத் தைத்து ஓரம் வெட்டாமலே கொடுத்துவிடுவார்கள். படிப்பவர்தான் மடிப்பை அறுத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தப் புத்தகத்தில் ஒரு மடிப்பும் அறுபடவில்லை. முப்பத்தைந்து வருடமாக அது வாயைத் திறக்கவே இல்லை.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். நிச்சயம் பண்ணின பெண்ணை விட்டுவிட்டு அரசிக்குத் தூது விட்டவருக்கு இதுதான் பரிசு. அந்தச் சந்தோஷம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. அதன் பின்னாலேயே கோபம் வந்தது, ராணியம்மா மேல். இவர் சைக்கிளை விற்று அச்சடித்தது. மாட்டுக்கு மடிவீக்கம் வந்தால் என்ன செய்வது என்று படிக்க நேரம் இருந்ததாம், எங்கள் வீட்டுக்காரர் எழுதியதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லையாமா? என்ன திமிர்!

இரும்பு ஸ்கேலை எடுத்து வந்து ஒவ்வொரு மடிப்பாக அறுத்தேன். தபால் பிரிவில் பழகிய கை, ஓர் இடத்திலும் பிசிறவில்லை. நின்ற இடத்திலேயே, உடைந்த மூக்குக் கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படித்தேன். ஒவ்வொரு கவிதையிலும் அவர் இருக்கிறாரா என்றுதான் தேடினேன். இல்லை. நான் இருக்கிறேனா என்றும் தேடினேன், அதுவும் இல்லை. நிற்காமல் போன பஸ், அப்பாவின் சட்டைப் பை, மீட்டர் பெட்டிக்குள் குடியிருக்கும் பல்லி, இப்படித்தான் இருந்தது. பாதி சுமார். நாலைந்து நிஜமாகவே நன்றாக இருந்தன. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இப்படி ஓர் ஆளோடு முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்; அந்த ஆளை நான் சந்தித்ததே இல்லை.

இவர் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. புத்தகத்தை மேஜைமேல் வைத்தேன்.

"வங்கியில அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு இன்னைக்கும் என்னை நாளைக்கு வான்னுட்டா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். எடுத்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். கட்டை விரலால் ஓரத்தை நீவினார். மடிப்புகள் அறுபட்டிருப்பது தெரிந்ததும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்...

"பிரிச்சிருக்கா," என்றார். "எல்லாத்தையும் பிரிச்சிருக்கா. படிச்சிருக்கா பாரு!"

மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"பதில் எழுத நேரம் கிடைச்சிருக்காது. ஷூட்டிங், அது இதுன்னு. ஆனா படிச்சிருக்கா." இருபத்தைந்து வயதுப் பையன் போல நின்றார். கண் கலங்கியிருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்தச் சந்தோஷம் இவருக்குச் சாகும்வரை இருக்கும். நல்ல மனைவி என்றால் அப்படித்தான் இருந்திருப்பாள். ஆனால் அந்த வெளிச்சம் நான் அறுத்ததால் வந்தது. அதைத் தூக்கி ராணியம்மா கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"அவ பிரிக்கல," என்றேன். "நான்தான் பிரிச்சேன். இப்பதான், ஸ்கேலை வெச்சு."

இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் செய்தது தப்பு என்று அப்போது தோன்றியது. தோன்றியதே தவிர, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் எண்ணம் வரவில்லை.

"படிச்சியா?" என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ம்."

"முழுசா?"

"கடைசிப் பக்கத்துப் பிழைதிருத்தம் வரைக்கும்."

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, வைத்தியரிடம் கேட்பதுபோல, "எப்படி இருக்கு?" என்றார்.

"பல்லி நல்லாருக்கு. பஸ் ரொம்ப நல்லாருக்கு. ஏழாவது சரியில்ல."

தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. "ஏழாவதா? இருக்கறதிலேயே அதுதான் நல்ல கவிதை!"

"என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

யோசித்தார். முப்பத்தைந்து வருடமாகப் பிரதி இல்லாத புத்தகம். வரி வரவில்லை. நான் இவர் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து வாசித்தேன்.

"'தெருமுனைக் குழாய்
மூடிய பின்னும் சொட்டுகிறது;
அதுபோல் நீயும், என் இதயமே!' இதுல இதயம் எதுக்குங்க வந்துது? குழாயோட நிறுத்தியிருக்கலாமே."

"இதயம் இல்லாட்டி அது வெறும் குழாய்தானே?"

"வெறும் குழாயாவே இருக்கட்டும். நாலு பேர் தண்ணியாவது பிடிப்பாங்க."

"உனக்குக் கவிதையைப் பத்தி என்ன தெரியும்?"

"அவளுக்குத் தெரியுமாக்கும்? அவளுக்கு மடிவீக்கம் தெரியும்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். உடனே மறுபடி முகம் சுருங்கியது. மூன்றாவது வரியை எடுத்துவிட்டு, முதல் இரண்டையும் மெல்ல முணுமுணுத்துப் பார்த்தார்.

"அந்த பஸ் கவிதை," என்றார் கொஞ்சம் கழித்து. "அது எப்படி ஆரம்பிக்கும்? எனக்கு மறந்தேபோச்சு." புத்தகத்துக்காகக் கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை.

"உக்காருங்க. நானே படிக்கிறேன்," என்றேன்.