ஒரு மாதப் புளியும் ஆறு சக்கரமும்

புரோத்ராபூர் உதயசூரியனின் லாரியில் இதுவரை காட்டு மரங்கள்தான் ஏறியிருக்கின்றன. பங்குனி உத்திரத்துக்கு முருகனையே ஏற்றலாம் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கோயில் கமிட்டித் தலைவர் பாலசுப்பிரமணியம் ஒரு நிபந்தனை போட்டார்.

"என்னப்பா, சக்கரத்து மூடியெல்லாம் பூனை பிறாண்டின மாதிரி இருக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள மின்னணும். இல்லேன்னா வேற லாரி பார்த்துக்குவோம்."

வீட்டில் ஒரு மாதத்துக்கான புளி இருந்தது. தீவுக்கு அடுத்த மெட்ராஸ் கப்பல் வந்தால்தான் புளி, அதற்குப் பத்து நாளாகும் என்று மனைவி நீலாவதி கத்தியும் உதயசூரியன் கேட்கவில்லை. அத்தனை புளியையும் சாம்பலோடு சேர்த்து இரண்டு நாள் தேய்த்தான். கீறல் மறையவில்லை; கீறலும் சேர்ந்து பளபளத்தது.

"டீக் ஹை," என்று தலைவர் தலையாட்டிவிட்டார்.

திருவிழாவன்று லாரியைத் தேராக்கினார்கள். சுற்றிலும் சிவப்புத் துணி, தரை தொடும்வரை தொங்கியது.

"ஏங்க, என் புளி எங்கேங்க?" என்றாள் நீலாவதி.

கப்பல் வரும்வரை புளியில்லாமல் சாப்பிடப்போகிறவன், துலக்கிய சக்கரத்தை ஒருமுறை பார்க்கவாவது வேண்டாமா? உதயசூரியன் தரையில் குப்புறப் படுத்துத் துணியைத் தூக்கிப் பார்த்தான். அவன் பக்தியைக் கண்டு மெய்சிலிர்த்த கூட்டம், இருபுறமும் வரிசையாக விழுந்து கும்பிட்டது.

இப்போது எழுந்தால் மானம் போய்விடும். 'முருகா, நான் துலக்கியிருக்க வேண்டியது சக்கரத்தை இல்ல, என் மண்டையைத்தான்' என்று முனகியபடி அவனும் கைகளைத் தலைக்குமேல் கூப்பினான்.